1964 லிங்கன் கான்டினென்டல், நிறைய மாற்றங்கள் செய்த வண்டி: என்ன விலை சொல்லலாம்?

நோவைக்காரன் · மார்ச் 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மிச்சிகனில் நோவை ஊரில் இருக்கிறேன். என்னிடம் 1964 லிங்கன் கான்டினென்டல் செடான் ஒன்று இருக்கிறது. பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும் அந்த வண்டிதான். 2010இல் வாங்கினேன். இந்த வருஷம் மகள் இருக்கும் வட கரோலினாவுக்குக் குடிபோகிறோம். அங்கே பார்த்திருக்கும் வீட்டில் ஒற்றைக் கார் கராஜ், வண்டியோ 18 அடி நீளம். விற்றுத்தான் ஆக வேண்டும்.

இதை ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த கம்பெனி, லிங்கன் வண்டிகளைக் கட்டிய ஃபோர்டின் விக்சம் ஆலைக்கு உதிரி பாகம் கொடுத்தது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். 1957இல் திறந்த ஆலை. 1961 முதல் 1969 வரை வந்த எல்லாக் கான்டினென்டலும் அங்கேதான் பிறந்தது. 2007இல் மூடினார்கள். கடைசி லிங்கன் டவுன் கார் வரை அங்கே போய்வந்தவன் நான். கேட் பூட்டியதற்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே பிறந்த ஒரு வண்டி என் கராஜில் இருக்க வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது.

செலவுக் கணக்கு இது. வண்டி 9,500 டாலர். தகர வேலையும் பெயிண்டும் 22,000 (வெள்ளையாக இருந்ததைக் கருஞ்சிவப்பு ஆக்கினேன்). உள்ளே தோல் வேலை 11,000. ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பையால் வண்டியை ஏற்றி இறக்குவது) கூலியோடு 9,800. எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், புது ரேடியேட்டர், புது ஏசி எல்லாம் சேர்ந்து 8,700. முன்சக்கர டிஸ்க் பிரேக் 3,400. 20 அங்குல ரிம்மும் டயரும் 4,600. மொத்தம் 69,000.

இன்ஜினை மாற்றவில்லை. அதே 430 கன அங்குல வி8. 72,000 என்று போட நினைக்கிறேன். போட்ட காசு வந்தால் போதும். சரியாக இருக்குமா?

டல்லாஸ் தம்பி · மார்ச் 8, இரவு 10:15

அண்ணா, படத்தைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். அந்தக் கருஞ்சிவப்பு அவ்வளவு அழகு. இந்த வண்டி மேல எனக்கு காலேஜ் நாளிலிருந்தே ஆசை. நேராவே கேட்கிறேன், 30,000க்குக் கொடுப்பீங்களா? அதுதான் என்னால முடியும்.

நோவைக்காரன் · மார்ச் 8, இரவு 10:31

தம்பி, பெயிண்டுக்கும் தோலுக்குமே 33,000 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? மன்னிக்கவும், முடியாது.

அசல்பிரியன் · மார்ச் 9, காலை 6:55

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த வண்டியை இப்படிச் செய்திருக்கக் கூடாது.

1961 கான்டினென்டலின் கதை தெரிந்தவர்களுக்கு என் வருத்தம் புரியும். 1958 முதல் 1960 வரை வந்த லிங்கன்கள் கப்பல் மாதிரி இருந்தன, விற்கவில்லை. லிங்கன் என்ற பெயரையே ஃபோர்டு கைவிடலாமா என்ற பேச்சு நடந்த காலம் அது. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் ஃபோர்டின் அடுத்த தண்டர்பேர்டு காருக்காக ஒரு மாதிரி செய்துவைத்திருந்தார். அதை ஃபோர்டு அதிகாரி ராபர்ட் மக்நமாரா பார்த்தார், நான்கு கதவு லிங்கனாக மாற்ற முடியுமா என்று கேட்டார். பின்னால் கென்னடி அரசில் பாதுகாப்பு அமைச்சரான அதே மக்நமாராதான். முந்தைய வண்டியைவிட ஓர் அடிக்கு மேல் நீளம் குறைந்தது. பின்னிருக்கையில் ஏறும்போது கால் இடித்ததால் கதவைப் பின்பக்கம் கீல் வைத்துத் திருப்பினார்கள். அழகுக்காக வந்த கதவு இல்லை அது. ஒவ்வொரு இன்ஜினையும் மூன்று மணி நேரம் ஓட்டிச் சோதித்துப் பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் ஒரு வருஷம் உத்தரவாதம் கொடுக்கவே தயங்கிய காலத்தில் இவர்கள் 2 வருஷம் அல்லது 24,000 மைல் கொடுத்தார்கள்.

பக்கவாட்டில் குரோம் மாலை கிடையாது, வால் இறக்கை கிடையாது. விளிம்பில் ஒரே ஒரு கோடு. எதைச் சேர்க்காமல் விட்டார்களோ அதுதான் இந்த வண்டியின் அழகு. அதில் 20 அங்குல ரிம்மை மாட்டித் தரையோடு படுக்கவைத்தால் அந்தக் கோடு எங்கே போகும்?

நோவைக்காரன் · மார்ச் 9, காலை 8:20

ஐயா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நான் வாங்கியபோது அது ஒரு கொட்டகையில் நான்கு டயரும் இறங்கிக் கிடந்தது. முன் இருக்கையில் எலி கூடு கட்டியிருந்தது. அதை ரோட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். தரையோடு படுக்கும்போது அந்தக் கோடு இன்னும் நீளமாகத் தெரிகிறது என்பது என் கண்ணுக்குப் படுவது. இருவரும் ஒரே வண்டியைத்தான் நேசிக்கிறோம்.

கிரீஸ்கை · மார்ச் 9, இரவு 11:48

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் கராஜ் வைச்சிருக்கிறன். பழைய அமெரிக்கக் கார் வேலை இருபது வரியத்துக்கு மேலை செய்யிறன். உங்கட கார் நல்ல வடிவு. அதைச் சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன்.

நீங்கள் போட்ட காசை விலையாக் கேக்கிறியள். வாங்க வாறவன் உங்கட காசைப் பாக்கமாட்டான். அவன் கேக்கிறது ஒண்டுதான்: இதில எதைத் திருப்பிக் கழட்டலாம், எதைக் கழட்ட ஏலாது? நான் என்ர கராஜில இதுக்கு ரெண்டே ரெண்டு சொல்லு வைச்சிருக்கிறன். பூட்டினது, வெட்டினது.

உங்கட லிஸ்டை அப்பிடிப் பிரிச்சுப் பாருங்கோ. இன்ஜெக்‌ஷன் பூட்டினது. பழைய கார்ட்டர் கார்பரேட்டர் பெட்டியில இருந்தா அதுக்கு மதிப்பு உண்டு, எறிஞ்சிருந்தா இல்லை. டிஸ்க் பிறேக் பூட்டினது, அதோட தேவையானது. 64இல வந்த மாஸ்டர் சிலிண்டருக்கு, பிறேக் எண்ணெயைத் தள்ளுற சாமானுக்கு, ஒரே அறைதான். ஒரு குழாய் வெடிச்சா நாலு சில்லிலும் பிறேக் இல்லை. இரண்டு டன்னுக்கு மேலை நிறை. நீங்கள் இரட்டை அறை போட்டிருந்தா அதைக் கொட்டை எழுத்தில எழுதுங்கோ, அசல்காரரும் ஏற்றுக்கொள்ளுற மாற்றம் அது. ஏசியும் அப்பிடி. டெக்ஸாஸ், ஃப்ளோரிடாக்காரனுக்கு அதில்லாமல் சரிவராது.

சில்லுக்கும் ரயருக்கும் ஒரு சதமும் கிடையாது அண்ணை. வாறவன் தன்ர ரசனைக்கு மாத்துவான். பழைய சில்லும் மூடியும் வைச்சிருக்கிறியளோ?

இப்ப முக்கியமான கேள்வி. அந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலும் சட்டகமும் ஒரே துண்டு. பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைஞ்ச இரும்புப் பட்டை அடுக்கு. ஏர் பேக் வைக்கிறதுக்கு லீஃபைக் கழட்டி நாலு இணைப்புத் தண்டு போட்டிருப்பினம். அதுக்குத் தரைத் தகட்டை வெட்டினவையோ? எங்கை ஒட்டினவை? கீழை இருந்து எடுத்த படம் ஒண்டும் காணேல்லை.

நோவைக்காரன் · மார்ச் 10, இரவு 8:05

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் அந்தப் படத்தைப் போடாமல் விட்டேன். அது தவறு. இப்போது போட்டிருக்கிறேன்.

வெட்டித்தான் இருக்கிறார்கள். பின்னிருக்கைக்கு அடியில் தரைத் தகட்டை வெட்டி உயர்த்தி, அச்சு மேலே வர இடம் செய்திருக்கிறார்கள். 2014இல் ஒரு கடையில் செய்தது, இன்று அந்தக் கடை இல்லை. வெட்டப்போகிறோம் என்று என்னிடம் சொல்லவில்லை. வண்டியை எடுக்கப் போன அன்றுதான் பார்த்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்பரேட்டர், அசல் சக்கரங்கள், நான்கு மூடிகள், லீஃப் ஸ்பிரிங் இரண்டு, அசல் பிரேக் டிரம் எல்லாம் அடித்தளத்தில் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றையும் எறியவில்லை. மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறைதான்.

அசல்பிரியன் · மார்ச் 10, இரவு 9:12

லீஃப் ஸ்பிரிங்கைக்கூட வைத்திருக்கிறீர்களா! நேற்று நான் எழுதியதில் சூடு கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கதவில் இருக்கும் தகவல் தகடு அப்படியே இருக்கிறதா? எண் 4Y82N என்று தொடங்க வேண்டும். 4 என்றால் 1964, Yக்கு விக்சம், 82க்கு நான்கு கதவு செடான், N என்றால் 430 இன்ஜின். தகட்டில் பெயிண்ட் குறியீடும் இருக்கும். வெள்ளை என்று அது சொல்லும், வண்டி சிவப்பாக இருக்கும். அதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

நோவைக்காரன் · மார்ச் 10, இரவு 9:30

தகடு அப்படியே இருக்கிறது. எண்ணும் நீங்கள் சொன்னபடிதான். பெயிண்ட் அடித்தவரிடம் அதை மூடி ஒட்டச்சொல்லி நானே பக்கத்தில் நின்றேன்.

ஹூஸ்டன் ராணி · மார்ச் 11, மதியம் 1:20

சார், ஒரு விஷயம் யாரும் சொல்லலை. மாத்தின வண்டிக்கு ஊர் முக்கியம்.

எங்க ஹூஸ்டனில் 'ஸ்லாப்'னு ஒரு கலாசாரம் இருக்கு. காடிலாக், லிங்கன், பியூக் மாதிரி பெரிய வண்டிக்கு மிட்டாய் நிற பெயிண்ட் அடிச்சு, வெளியே கூம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி ரிம் போடுவாங்க. அந்த ரிம்முக்கே 83, 84ன்னு பேரு. அந்த ரெண்டு வருஷத்து காடிலாக்குக்கு வந்த கம்பிச் சக்கரம் அது. இங்க அந்த ரிம் இருந்தா வண்டி விலை ஏறும். அதே வண்டியை நீங்க மிச்சிகனில் நிறுத்தினா ரிம்மைக் கழட்டிட்டு விலை சொல்லுங்கம்பாங்க. வண்டியைத் தாழ்த்தி ஓட்டற லாஸ் ஏஞ்சலஸ் லோரைடர்காரங்களுக்கு ஹைட்ராலிக் வேணும், ஏர் பேக் பிடிக்காது. நான் என் கணவரோட 84 காடிலாக்கை வித்தப்போ முதல்ல ஊருக்கு வெளியே விளம்பரம் கொடுத்து மூணு மாசம் வீணாப் போச்சு. உள்ளூர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம், அன்னைக்கே மூணு பேர் கேட்டாங்க.

உங்க வண்டி தரையோட படுக்கிற வண்டி. அதை ரசிக்கிறவங்க எங்க கூடுவாங்களோ அங்க நிறுத்துங்க. உங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லையே!

நோவைக்காரன் · மார்ச் 11, மாலை 6:44

உண்மைதான் அம்மா. போன வாரம்தான் டெட்ராய்ட் ஆட்டோரமாவுக்குப் போய்வந்தேன். 1953 முதல் நடக்கிற கண்காட்சி, மாற்றம் செய்த வண்டிகளுக்கு அதுதான் கோயில் திருவிழா. அங்கே கொடுக்கும் ரிட்லர் விருதை முதலில் கொடுத்தது 1964இல், என் வண்டி பிறந்த வருஷம். ஆனால் அங்கே வருகிறவர்கள் பார்க்கத்தான் வருகிறார்கள். வாங்க வருகிறவர்களைப் பிடிக்க, உட்வர்டு சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும் உட்வர்டு கிரூஸ்தான் சரி. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை. அதுவரை காத்திருக்கலாமா, வீட்டை ஜூனில் காலி செய்யணுமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிரீஸ்கை · மார்ச் 11, இரவு 11:30

அண்ணை, படம் பாத்தன். பெட்டியில இருக்கிற சாமானுகளை ஒரு மேசையில பரப்பிப் படம் எடுத்துப் போடுங்கோ. அந்தப் பெட்டிக்கே ஒரு நாலாயிரம் கூடக் கேக்கலாம். இந்த 430க்குச் சாமான் தேடுறது லேசில்லை. மற்ற அனேக வி8இல எரியிற அறை ஹெட்டில இருக்கும். இதில ஹெட் தட்டையா இருக்கும், அறை பிளாக்குக்குள்ளை. 462, அதுக்குப் பிறகு 460 எண்டு லிங்கன் மாத்திக்கொண்டு போட்டுது. அதால இன்ஜினை மாத்தாமல் விட்டது நீங்கள் செய்த ஆக நல்ல வேலை.

ஆனா வெல்டிங் எனக்குத் திருப்தியில்லை. இடப்பக்க மேல் இணைப்பு ஒட்டின இடத்தில ஒரு கோடு தெரியுது. கறளோ வெடிப்போ எண்டு படத்தில சொல்ல ஏலாது. மே மாசம் வின்ட்சரில எனக்கொரு கலியாண வீடு. ஆறு தாண்டினா டெட்ராய்ட்தானே. வந்து கீழை படுத்துப் பாக்கிறன். காசு கீசு ஒண்டும் வேண்டாம், அக்காட கையால ஒரு கோப்பி போதும்.

டல்லாஸ் தம்பி · மார்ச் 12, காலை 7:02

ஒரு சந்தேகம். இந்த விலைக்கு ஏதாவது அட்டவணை இருக்கா? எல்லாரும் ஆளுக்கொரு விலை சொல்றாங்களே.

அசல்பிரியன் · மார்ச் 12, காலை 7:40

ஹேகர்ட்டி விலைக் கணிப்பைப் பாருங்கள், மிச்சிகன் கம்பெனிதான். 1 முதல் 4 வரை நிலை பிரித்திருப்பார்கள். 1 என்றால் கண்காட்சித் தரம், 4 என்றால் ஓடும், குறைகள் பளிச்சென்று தெரியும். ஆனால் அது அசல் வண்டிக்கான கணக்கு, மாற்றம் செய்த வண்டிக்கு அப்படியே பொருந்தாது. முடிந்துபோன ஏலங்களில் இதே 1961–69 செடான், இதே மாதிரி ஏர் சஸ்பென்ஷன், எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், போன விலையைப் பாருங்கள். கூரை திறக்கும் கன்வர்டிபிளோடு ஒப்பிடாதீர்கள். அது தனி உலகம். கென்னடி சுடப்பட்டபோது இருந்த வண்டியும் அந்தக் கூரையில்லா 1961தானே, டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் யாராவது ஒருவர் அதைப் பற்றித்தான் கேட்பார். அந்தப் பேச்சு செடானுக்கு விலை ஏற்றாது.

வரிக்கணக்கு · மார்ச் 12, காலை 9:15

ஒரே குறிப்பு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை நஷ்டத்தில் விற்றால் அந்த நஷ்டத்தை அமெரிக்க வருமான வரியில் கழிக்க முடியாது. லாபம் வந்தால் மட்டும் வரி உண்டு. சீர்செய்த ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோவைக்காரன் · மார்ச் 12, இரவு 10:10

இரண்டு நாளாக முடிந்த ஏலங்களைப் பார்த்தேன். என் வண்டிக்கு அருகில் வருவது எல்லாம் 28,000இலிருந்து 45,000க்குள் போயிருக்கிறது. 45க்குப் போனதில் வெட்டு இல்லை. டல்லாஸ் தம்பி, அன்றைக்கு உங்களிடம் வெடுக்கென்று பேசிவிட்டேன். நீங்கள் சொன்ன விலை அவ்வளவு தப்பில்லை. மனசு ஏற்க நாள் எடுக்கிறது.

டல்லாஸ் தம்பி · மார்ச் 12, இரவு 10:25

அய்யோ அண்ணா, அதெல்லாம் ஒண்ணுமில்லை. நான்தான் எடுத்த எடுப்பிலேயே விலை பேசியிருக்கக் கூடாது. வீட்டில் பேசினேன், கைக்குழந்தை இருக்கும்போது ரெண்டாவது வண்டி வேண்டாம்னு முடிவு. ஆனா இந்த இழையை விடமாட்டேன்.

நெறியாளர் · மார்ச் 13, காலை 10:00

தொலைபேசி எண், வீட்டு முகவரி, முழு வண்டி எண் எதையும் பொதுவில் போட வேண்டாம். இரண்டு பதிவுகளில் நீக்கியிருக்கிறேன்.

நோவைக்காரன் · மே 22, இரவு 9:18

கிரீஸ்கை தம்பி சொன்னபடி வந்தார். கல்யாணச் சட்டையை மாற்றிவிட்டு, என் பழைய ஓவராலைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒன்றரை மணி நேரம் கிடந்தார். மனைவி காபியோடு இடியாப்பமும் செய்துவைத்திருந்தார். விஷயத்தை அவரே சொல்லட்டும்.

கிரீஸ்கை · மே 23, இரவு 12:20

இடியாப்பத்துக்கு முதல்ல நன்றி அக்கா.

கோடு வெடிப்புத்தான். மெல்லிய தரைத் தகட்டில நேரா ஒட்டியிருக்கினம். பின்னுக்குத் தாங்கு தகடு இல்லை. ஒவ்வொரு முறை கார் ஏறி இறங்கேக்கையும் அந்த ஒரு இடத்தில பாரம் விழுந்து விழுந்து தகடு களைச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு வரியம் ஓடியிருந்தா தண்டு பிச்சுக்கொண்டு வந்திருக்கும். முன்பக்கம் சுத்தம், கறள் இல்லை. கதவுக்குக் கீழை இருக்கிற பெட்டிப் பகுதியும் தட்டிப் பாத்தன், நல்ல சத்தம். இந்த வண்டியில அங்கைதான் முதல்ல உக்கும்.

இன்னொண்டு, வலப்பக்க வால்வு ஒண்டு காத்தை விடுது. இரவு நிப்பாட்டினா விடியப்புறம் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும்.

திரும்ப லீஃப் ஸ்பிரிங் போட்டு அசலாக்கி விப்பமோ எண்டு அண்ணை கேட்டவர். வேண்டாம் எண்டன். வெட்டின தகடு வெட்டினதுதான். ஆறாயிரம் செலவழிச்சு அரைகுறை அசல் செய்யிறதைவிட, இருக்கிறதை ஒழுங்காக் கட்டிக் குடுக்கிறது மேல். தாங்கு தகடு போட்டு ஒட்டவேணும். அதைச் செய்யாமல் விக்கக் கூடாது. பின்சீற்றில ஒரு பிள்ளை இருக்கும் அண்ணை.

ஹூஸ்டன் ராணி · மே 23, காலை 8:31

கடைசி வரியைப் படிச்சதும் உடம்பு சிலிர்த்துச்சு. சார், செலவைப் பார்க்காம செய்ங்க.

நோவைக்காரன் · ஜூன் 19, இரவு 8:50

செய்துவிட்டேன். கட்டட இரும்பு வேலை தெரிந்த வேறொரு வெல்டரிடம். பழைய ஒட்டை முழுக்க அரைத்து எடுத்து, இரண்டு பக்கமும் தாங்கு தகடு வைத்தார். 1,850 டாலர். வேலை நடந்த ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்திருக்கிறேன்.

வீட்டு விஷயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதனால் ஜூலையில் இணைய ஏலத்தில் போட்டுப் பார்க்கிறேன். யாராவது என்னென்ன படம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஹூஸ்டன் ராணி · ஜூன் 19, இரவு 9:40

நூறு படத்துக்குக் குறையாம. கீழே இருந்து நல்ல வெளிச்சத்துல. கதவு நாலுக்கும் இடையில இருக்கிற இடைவெளி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ற வீடியோ, வெட்டு ஒட்டு இல்லாம. படுத்த நிலையிலேருந்து வண்டி எழும்புற வீடியோ, எத்தனை விநாடின்னு தெரியற மாதிரி. ஒவ்வொரு ஸ்விட்சும் வேலை செய்றது.

பணம் விஷயத்துல கவனம். எங்களுக்கு ஒருத்தர் வங்கிக் காசோலை அனுப்பினார், விலையைவிட மூவாயிரம் அதிகமா. அந்த மிச்சத்தை லாரிக்காரருக்கு அனுப்பச் சொன்னார். என் கணவர் அனுப்பத் தயாராயிட்டார். நான்தான் வங்கிக்குப் போய்க் கேட்டேன், அந்தக் காசோலையே போலி. வாங்கறவரோட வங்கிக்கே சேர்ந்து போங்க, இல்லைன்னா பணம் உங்க கணக்குல விழுந்து வங்கி உறுதி சொன்ன பிறகு சாவியைக் கொடுங்க.

கிரீஸ்கை · ஜூன் 20, இரவு 12:05

மழைத் துடைப்பான் ஓடுற வீடியோவும் எடுங்கோ. இந்த லிங்கனில அது மின்சார மோட்டரில ஓடாது, ஸ்டியரிங் பம்பின்ர எண்ணெய் அழுத்தத்தில ஓடும். தெரிஞ்சவன் கட்டாயம் கேப்பான், ஏனெண்டா அதைத் திருத்த ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

லொறியில ஏத்தேக்கை வண்டியை முழு உயரத்துக்கு எழுப்பிப்போட்டுச் சில்லில பட்டி கட்டச் சொல்லுங்கோ. உடம்பில கட்டிப்போட்டு வழியில காத்து இறங்கினா பட்டி தளர்ந்துபோம்.

நோவைக்காரன் · ஜூலை 27, இரவு 10:02

ஏலம் முடிந்தது. 31,500 வரை வந்தது. நான் வைத்திருந்த குறைந்தபட்ச விலை 38,000, அதனால் விற்கவில்லை.

வெட்டு, வெடிப்பு, திருத்தம் எல்லாவற்றையும் படத்தோடு போட்டேன். பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான். ஒருவர், இதை மறைத்திருந்தால் ஐயாயிரம் கூட வந்திருக்கும் என்று எழுதினார். இன்னொருவர், மறைக்காததால்தான் நான் ஏலம் கேட்டேன் என்றார். 31,500 கேட்டவர் அந்த இரண்டாமவர்.

அசல்பிரியன் · ஜூலை 28, காலை 6:30

நான் ஏலம் முழுக்கப் பார்த்தேன். பெட்டிச் சாமான்களின் படத்துக்கு வந்த பாராட்டைக் கவனித்தீர்களா? கேட்டவர்களில் இரண்டு பேர் பிற்பாடு வெள்ளைக்கே திருப்பும் எண்ணத்தில் இருந்தார்கள். நான் அடிக்கடி திட்டும் அந்த 20 அங்குல ரிம்மைக் கழற்றி, அசல் சக்கரத்தை மாட்டி உட்வர்டில் நிறுத்திப் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் இருக்கட்டும். அசல் சக்கரத்தோடு கொஞ்சம் மட்டும் தாழ்ந்து நின்றால் இரண்டு வகை ஆளும் நின்று பார்ப்பார்கள். ரிம்மைத் தனியாக விற்றுவிடலாம்.

நோவைக்காரன் · ஜூலை 28, இரவு 9:55

மாட்டினேன். மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் முகம் தெரியுது" என்றார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை! நீங்கள் சொன்னது சரி ஐயா. ரிம்மும் டயரும் 1,700க்குப் போய்விட்டது.

டல்லாஸ் தம்பி · ஆகஸ்ட் 14, இரவு 8:12

இந்த சனிக்கிழமைதானே உட்வர்டு? படம் போடுங்க அண்ணா.

நோவைக்காரன் · ஆகஸ்ட் 24, இரவு 10:37

விற்றுவிட்டது. 36,000.

காலை ஆறு மணிக்கே ராயல் ஓக் பக்கம் ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினேன். விலை எழுதவில்லை. 'ஒரு இடத்தில் வெட்டியிருக்கிறது, கேளுங்கள்' என்று மட்டும் எழுதினேன். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து கீழே பார்த்தார்கள். பதினொரு மணிக்கு ஓஹையோவில் டொலீடோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவின் தகப்பனார் விக்சமில் கதவு பொருத்தும் வரிசையில் இருந்தவராம். அவர் பின்கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். நான் பேசவில்லை.

கணவர் வெல்டிங் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புதன்கிழமை அவர்கள் ஊர் மெக்கானிக்கோடு மறுபடி வந்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்கள். 40 கேட்டேன், 34 சொன்னார்கள், 36இல் நின்றது. பணம் என் கணக்குக்கு வந்து வங்கி உறுதி சொன்ன பிறகு டைட்டிலில் (வண்டி உரிமைப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டேன். நம்பர் பிளேட்டை நான் கழற்றிக்கொண்டேன்.

69,000 போட்டேன், ரிம்மோடு சேர்த்து 37,700 திரும்ப வந்தது. அந்த 1,850ஐக் கழித்தால் இன்னும் குறைவு. கணக்கை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். மார்ச்சில் நான் கேட்ட கேள்வியோடு அடுத்து வருகிறவருக்கு இது உதவும்.

ஹூஸ்டன் ராணி · ஆகஸ்ட் 24, இரவு 10:58

கதவு வரிசையில வேலை பார்த்தவரோட பொண்ணு! சார், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அசல்பிரியன் · ஆகஸ்ட் 25, காலை 6:10

வாழ்த்துகள். பெட்டிகள்?

நோவைக்காரன் · ஆகஸ்ட் 25, காலை 7:45

எல்லாம் போய்விட்டது ஐயா. லீஃப் ஸ்பிரிங் இரண்டையும் பழைய போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்தேன். கார்பரேட்டர் பெட்டியை அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டே போனார்.

கிரீஸ்கை · ஆகஸ்ட் 25, இரவு 11:50

சந்தோசம் அண்ணை. அந்த வலப்பக்க வால்வு மாத்தினதைச் சொன்னனீங்களோ?

நோவைக்காரன் · ஆகஸ்ட் 26, காலை 6:58

சொன்னேன் தம்பி. மாற்றின தேதியோடு எழுதி, கழற்றின பழைய வால்வையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன்.